ஓட்டை இல்லாத வீடு

மார்ச் 9, ஞாயிறு

மூன்று மாதமாக இந்த நோட்டைத் தொடவில்லை. தை மாதம் கோயம்புத்தூர் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறகு சோலி வந்துவிட்டது.

இன்று எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். மதியம் கறிச்சோறு சாப்பிட வந்திருந்தார் மச்சாண்டார், என் வீட்டுக்காரரின் அண்ணன். கை கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"ஏப்பா சென்னியப்பா, அந்தக் காளான் கொட்டகை சும்மாதான கெடக்குது? நாலு தறி போட்டா அம்மணியே ஓட்டிக்கும். மில்லுல பத்தொம்பது வருசம் நூலோட கெடந்த கை."

கொட்டகை சும்மா கிடக்கவில்லை. குளிர் காலத்தில் அதில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். சோமனூர் சந்தையில் தமயந்தி காளான் என்று கேட்டு வாங்குகிறார்கள். வெயில் காலத்தில்தான் காலி. வெயிலுக்குப் பால் காளான் ஒத்துக்கொள்ளும் என்றாலும் அதற்கும் முப்பத்தைந்து டிகிரிதான் எல்லை. என் சிமெண்ட் ஓட்டுக் கொட்டகை சித்திரையில் நாற்பத்தொன்று காட்டும். இரண்டு வருடமாகப் போட்ட விதையெல்லாம் கருகிப் போனது.

என் வீட்டுக்காரர் அண்ணன் பேச்சைத் தட்டிப் பார்த்ததில்லை. வாயையே திறக்காத மனுசன், தட்டுவது எங்கே. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஒரு வெயில் பாக்கலாமுங்ணா. அக்கினி முடியறதுக்குள்ள காளான் எடுக்காட்டி நீங்க எடுத்துக்கோங்க."

அக்னி நட்சத்திரம் மே 28-ல் முடிகிறது. அதற்குள் காளான் பறிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகை தறிக்கு, நான் பஞ்சுத் தூசிக்கு. பத்தொன்பது வருடம் தின்ற தூசி போதும். இனி ஒரு நாள்கூட ஆகாது.

மார்ச் 11, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆப்பிரிக்காவில் ஹராரே என்ற ஊரில் ஒரு பெரிய கட்டடத்தைக் கரையான் புற்றைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்களாம். கீழே குளிர்ந்த காற்று நுழைகிறது, மேலே புகைபோக்கி வழியாகச் சூடு போய்விடுகிறது. ஏ.சி. செலவு ரொம்பக் குறைவு. நம் ஊரில் இல்லாத புற்றா.

நாகாத்தம்மன் கோயில் புற்று என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரம். பால் வாங்கிக்கொண்டு, இடுப்பில் இஞ்சி டேப்பைச் செருகிக்கொண்டு போனேன். பூசை பண்ணுகிற கண்ணாக்காள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பூசுகிற சாக்கில் சுற்றளவு எடுத்தேன். ஓட்டைகளை எண்ணினேன். கீழே நான்கு, நடுவில் இரண்டு, உச்சியில் ஒன்று. ஒரு குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தபோது கையும் களவுமாக மாட்டினேன்.

"ஏ தமயந்தி, சாமிக்கு சட்டை தைக்கப் போறயா? டேப்ப எடு அக்கட்டால."

"கொட்டகை கட்டறதுக்குங் அக்கா."

"பாம்பு கொட்டகைக்கா?"

சிரித்துவிட்டுத் தீர்த்தம் கொடுத்தாள். ஏழு ஓட்டையும் மனசில் பதிந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

வேலை ஆரம்பம். தரையை இரண்டடி தோண்டி இறக்கினோம். அடிச்சுவரில் நான்கு பக்கமும் ஒவ்வொரு ஓட்டை, நடுச்சுவரில் இரண்டு. கூரை நடுவில் செங்கல்லால் புகைபோக்கி, ஆள் உயரம். என் வீட்டுக்காரர் மண்வெட்டி பிடித்தார், நான் மண் அள்ளினேன். நாலு கூடை அள்ளியதும் கூடையைப் பிடுங்கிக்கொண்டு, "போய் சமையலப் பாரு" என்றார். நான் அள்ளுவது அவருக்கு மெதுவாகப் படுகிறது போல. கோபம் வந்தது. ரசம் மட்டும் வைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

அறுபது பை போட்டாகிவிட்டது. வேகவைத்து உலர்த்திய வைக்கோல், இடையிடையே காளான் விதை. வீட்டுப் பின்னறையில் இருட்டில் தொங்குகின்றன.

ஏப்ரல் 3

கொஞ்சம் இருமல். வைக்கோல் தூசி.

ஏப்ரல் 15, செவ்வாய்

பைகளில் வெள்ளை முழுக்கப் பரவிவிட்டது. பையின் வாயை அறுத்துத் திறந்து, மேல்மண் போட்டு, புதுக் கொட்டகைக்கு மாற்றினோம். உள்ளே நின்றால் காற்று கணுக்காலில் நுழைந்து தலைக்கு மேலே போகிறது. வெளியே முப்பத்தெட்டு, உள்ளே முப்பத்துமூன்று. சூடும் ஈரமும் காட்டுகிற மீட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் புகைபோக்கிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் மற்றவர்கள் மாலை போட்ட மாதிரி.

கரையானே, நீ நல்லா இரு.

ஏப்ரல் 22, செவ்வாய்

மேல்மண் வெடிக்கிறது. காலையில் தண்ணீர் தெளித்தால் பத்து மணிக்குக் காய்ந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை தெளிக்கிறேன். காற்று சூட்டை மட்டும் கொண்டுபோகவில்லை, ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. எண்பது இருக்க வேண்டிய ஈரம் நாற்பதுதான் காட்டுகிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

மொட்டு வந்தது. குண்டூசித் தலை மாதிரி வெள்ளையாக. மத்தியானத்துக்குள் பழுப்பாகிச் சுருண்டது. இருபத்திரண்டு பையில் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. அவற்றைத் தென்னைக்கு அடியில் கொட்டினேன்.

கொட்டிவிட்டு வரும்போது மச்சாண்டார் கொட்டகைக்குள் நின்று தறிக்கு இடம் அளந்துகொண்டிருந்தார். அவருடையதும் இஞ்சி டேப்தான். "ஓட்டையெல்லாம் அடைச்சுப் போடலாம் அம்மணி, நூலுக்குக் காத்து ஆகாது" என்று அன்பாகத்தான் சொன்னார். அவர் நல்லவர். அதுதான் தொந்தரவு, திட்டவும் முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் அழுதேன். அழுதால் இருமல் வருகிறது, அதனால் அதையும் சீக்கிரம் முடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வந்திருக்கிறது. ஓட்டுகிறவர் தனராசு, நம் பக்கத்து ஊர். பதினோரு மணிக்கு வேலி ஓரமாக வந்து கூப்பிட்டார்.

"அக்கா, புத்து மாதிரி கொட்டகை கட்டுனது நீங்கதானுங்? இங்க வந்து ஒண்ணப் பாருங். தெரியாம வெட்டிப்போட்டேன்."

கருவேல மரத்தடியில் இடுப்பளவு புற்று. வாளி பாதியைச் சீவி எடுத்திருந்தது, கேக்கை வெட்டி வைத்த மாதிரி. நான் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடியில், தரை மட்டத்துக்குக் கீழே, அறை அறையாக இருந்தது. ஒவ்வொரு அறையிலும் பழுப்பாக, கடற்பஞ்சு மாதிரி ஒரு தட்டு. அதன் மேல் கடுகளவு வெள்ளை உருண்டைகள். அது விதை பிடித்த வைக்கோல். என் பின்னறையில் தொங்கியது என்னவோ அதேதான். மென்று போட்ட சருகின் மேல் காளான் வளர்க்கின்றன இந்தக் கரையான்கள். மழைக்குப் புற்றில் காளான் முளைத்தால் பறித்துக் குழம்பு வைத்திருக்கிறேனே தவிர, அது அவர்கள் தோட்டத்துப் பயிர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இத்தனை நாள் நான் யாரைப் பார்த்துக் கட்டினேனோ, அவர்களும் என் தொழில்தான்.

ஓடிப்போய் மீட்டரை எடுத்து வந்து, உடையாத ஒரு அறைக்குள் வைத்து ஈர மண்ணால் மூடினேன். வெளியே முப்பத்தொன்பதரை. அரை மணி கழித்து எடுத்தால் முப்பது. ஈரம் தொண்ணூறு.

மில்லில் நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரம் வைப்பதற்குத் தனி மெஷின், தனி ஆள், மூன்று ஷிஃப்ட். அப்போதும் சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருப்பார். இங்கே ஒரு மேஸ்திரி கிடையாது. வேலை செய்கிற கரையானுக்குக் கண்ணும் கிடையாது. அரிசியில் பாதி இருக்கும் ஒரு பூச்சி எச்சிலில் மண்ணைக் குழைத்து இடுப்பளவு வீடு எழுப்பியிருக்கிறது. கும்பிடத் தோன்றியது. தனராசு இருந்ததால் கும்பிடவில்லை.

"அக்கா, இன்னும் நோண்டட்டுங்களா?"

"வேண்டாம் சாமி. வண்டிய அந்தப் பக்கமாத் திருப்பிக்கோ. இது இருக்கட்டும்."

குழாய்க்காரரிடம் பேசி நாலடி தள்ளி வெட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 30, புதன்

காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். வெட்டுப்பட்ட பக்கம் முழுக்க ஈர மண்ணால் மூடியிருந்தது. ஒரு குண்டூசி நுழைய இடமில்லை. விரலால் ஒரு ஓட்டை போட்டேன். தலை பெருத்த காவல்காரக் கரையான் இரண்டு வந்து நின்றன. பின்னால் மற்றவை வாயில் ஆளுக்கொரு மண் உருண்டையோடு வந்தன. நான் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் அடைத்துவிட்டன.

ஓட்டை நல்லது என்றால் எதற்கு இவ்வளவு அவசரமாக அடைக்க வேண்டும்?

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இந்தப் புற்றில் எங்கேயும் ஓட்டையே இல்லை. உச்சியிலும் இல்லை.

மே 2, வெள்ளி

கோயிலுக்குப் போய் நேராகக் கேட்டேன். "அக்கா, இந்தப் புத்துல கரையான் இருக்குதுங்களா?"

கண்ணாக்காள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கரையான் இருந்தா பாம்பு எப்படிக் குடியிருக்கும்? நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இது கரையான் வுட்டுட்டுப் போன புத்துதான். ஆளில்லாத வூட்டுலதான் அம்மன் வந்து ஒக்காந்துச்சு. மழையில கரைஞ்சு, எலி நோண்டி, நாங்க பால் ஊத்தி ஊத்திப் பெருசு பண்ணுன ஓட்டை அதெல்லாம்."

தலையில் அடித்துக்கொண்டேன். புற்று என்றாலே ஓட்டை என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறோம், ஓட்டையில்தான் பால் ஊற்றுகிறோம், முட்டை வைக்கிறோம். ஒரு சனமும் குடியில்லாத வீட்டை அளந்து வந்து, ஏழு ஓட்டையையும் எண்ணிப் பார்த்து, அப்படியே கட்டி வைத்திருக்கிறேன். ஊரில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது, பக்தி வேண்டும் அதற்கு.

மத்தியானம் எனக்குக் காளான் பயிற்சி கொடுத்த மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"புகைபோக்கி மாதிரின்னுதான் முன்னாடி எல்லாரும் நெனச்சாங்கம்மா. நம்ம பக்கத்துப் புத்த வெச்சே பின்னாடி ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. குளுமைய மண்ணு குடுத்துடுது. மேல இருக்கற கோபுரம் மூச்சு விடறதுக்கு. பகல்ல வெளிப்பக்கம் சூடாகி அங்க காத்து மேல ஏறும், நடுவுல கீழ எறங்கும். ராத்திரி தலைகீழா சுத்தும். கெட்ட காத்து, சுவத்துல கண்ணுக்குத் தெரியாத சந்து வழியா வெளிய போயிரும். ஈரம் உள்ளயே நிக்கும்."

மூடிய வீடு, ஆனால் சுவரே மூச்சு விடுகிறது. போனை வைத்துவிட்டுப் போய்க் கொட்டகைச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். எங்கள் சுவரெல்லாம் சிமெண்ட்.

மே 4, ஞாயிறு. அக்னி ஆரம்பம்

இருபத்துநாலு நாள் இருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி முதலிலிருந்தா என்று கேட்பார் என நினைத்தேன். எழுந்து போய் உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார்.

புகைபோக்கியையும் சுவரின் ஆறு ஓட்டையையும் மண் வைத்து அடைத்தோம். வடக்குச் சுவரின் சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, கல்லைப் பெயர்த்து, மணலும் களிமண்ணும் கலந்து புதுச் சுவர் வைக்க வேண்டும். நான் சுத்தியலை எடுத்ததும், "தள்ளிப் போ. கெணத்து மேட்டுக்குப் போய் ஒக்காரு" என்று அதட்டினார். சிமெண்ட் தூசி மேகம் மாதிரி கிளம்பியது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவரே தனியாகக் கொத்தினார். என் கொட்டகையில் எனக்கு வேலை இல்லையாம். கிணற்று மேட்டில் உட்கார்ந்து அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

மே 9, வெள்ளி

சுவர் முடிந்தது. மற்ற மூன்று சுவருக்கும் ஒரு சாண் உள்ளே தள்ளி, சேறு பூசிய கோணிச் சாக்கைத் திரை மாதிரி தொங்கவிட்டோம். மேலேயும் கீழேயும் இடைவெளி. சேறு பிசைகிற வேலை எனக்குக் கிடைத்தது, ஈர மண்ணில் தூசி இல்லை.

கதவைச் சாத்திவிட்டு ஊதுபத்தி கொளுத்தினேன். புகை நடுவில் நின்று யோசித்தது. பிறகு மெதுவாகத் தரைக்கு இறங்கி, சாக்குக்கு அடியில் நுழைந்து, மேற்குச் சுவர் ஓரமாக மேலே ஏறி, கூரைக்கு அடியில் திரும்பி, மறுபடி நடுவில் இறங்கியது. வெயில்தான் அதை இழுத்தது. எந்த வெயிலைப் பார்த்து இரண்டு வருடம் பயந்தேனோ அதே வெயில். நாங்கள் இரண்டு பேரும் பத்தி அணையும் வரை நின்றோம்.

மீதி முப்பத்தெட்டுப் பையிலும் பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதிதாக மேல்மண் போட்டேன்.

மே 14

வெளியே நாற்பது. உள்ளே முப்பத்தொன்று. ஈரம் எண்பத்தைந்து. ஒரு தடவைதான் தண்ணீர் தெளித்தேன்.

மே 20, செவ்வாய்

மொட்டு இல்லை. வாடிப்போன பை, தெம்பு வர நாள் எடுக்கும் என்கிறார் மேடம். நாள்தானே இல்லை.

கருவேல மரத்தடிப் புற்று இந்த மூன்று வாரத்தில் ஒரு சாண் உயர்ந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மே 25, ஞாயிறு

வந்துவிட்டது. முப்பத்தொரு பையில் மொட்டு. வெள்ளை, நல்ல கெட்டி, ஒன்றுகூடச் சுருளவில்லை. ஆனால் பறிக்கிற அளவுக்கு வர இன்னும் ஒரு வாரம் வேண்டும். விரல் விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும் ஜூன்தான் வருகிறது.

மே 28, புதன். அக்னி முடிவு

பதினோரு மணிக்கு மச்சாண்டார் டெம்போவில் தறிச் சாமானோடு வந்தார். இரும்புச் சட்டத்தை இரண்டு ஆட்கள் இறக்கினார்கள். நான் கொட்டகைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். பறித்தால்தான் பேச்சு. பறிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வாய்க்காலிலிருந்து கால் சேற்றோடு வந்தார். கதவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்றார்.

"சாமான ஏத்திக்கச் சொல்லுங்ணா. கொட்டகை குடுக்கறதுக்கில்லீங்."

"ஏப்பா, நீ சொன்ன சொல்லுதான?"

"நான் சொன்னதுதானுங்ணா. தப்பு என்னோடதுதான், அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கோணுமுங். இவள மறுபடி பஞ்சுக்குள்ள வுட முடியாதுங். டாக்டரு ஆசுபத்திரியில இருந்து மாசியிலயே எனக்குப் போன் பண்ணீட்டாங்க, இவ மறுபடி வரவேயில்லையேன்னு. நெஞ்சுல பாதி வேலை செய்யறதில்லையாமுங். இன்னுந் தூசி பட்டாத் தாங்காதுன்னு சொல்லிப்போட்டாங்க. இவ எங்கிட்டச் சொல்லுல. சரி, சொல்றப்ப சொல்லட்டும்னு நானும் கேக்குல."

மாசியிலிருந்து தெரியுமாம். மண்கூடையைப் பிடுங்கியது, கிணற்று மேட்டுக்குத் துரத்தியது, துண்டைக் கட்டிக்கொண்டு தனியாகக் கொத்தியது. எல்லாவற்றுக்கும் நான் திட்டி வைத்திருந்தேன்.

மச்சாண்டார் ஆட்களுக்குக் கை காட்டிச் சட்டத்தை ஏற்றச் சொன்னார். பிறகு, "ஏம்மணி, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டனே" என்றார். கொட்டகைக்குள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். உள்ளே போனவர் பத்து நிமிடம் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க வெச்சிருக்கற மெஷின?" என்றார்.

"மெஷின் இல்லீங். சுவருதானுங்."

டெம்போ திரும்பிப் போனது. அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதவோரத்தில் நின்றோம். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "வலிக்குதா?"

"மாடிப்படி ஏறுனா."

இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை, இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஜனவரி 21 அன்று டாக்டர் சொன்னது: இரண்டு நுரையீரலிலும் பஞ்சுத் தூசி. போனது திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றலாம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால், தூசிப் பக்கம் போகாமல் இருந்தால். எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

ஜூன் 2, திங்கள்

முதல் பறிப்பு. பதினாலு கிலோ. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். முதல் கூடை மச்சாண்டார் வீட்டுக்கு. மீதியை என் வீட்டுக்காரர் சோமனூருக்கு எடுத்துப் போனார்.

புதன்கிழமை டாக்டரிடம் போகிறோம். ஆறு மணி பஸ். இரண்டு பேரும்.